'லொகேஷன் ப்ளீஸ் ப்ரோ': காட்டுயிர் போட்டோவை இன்ஸ்டாவில் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சனிக்கிழமை காலை ஆறரை மணி. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் ரோட்டில், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி வரிசையாக பைக்குகள் நிற்கின்றன. வாரம் முழுக்க ஓஎம்ஆரில் லேப்டாப் தட்டும் கூட்டம்தான். தோளில் கேமரா, இஎம்ஐ-யில் வாங்கிய பெரிய லென்ஸ், கையில் டீ. பூநாரைகள் வந்திருக்கும் சீசன் என்றால் கூட்டம் இன்னும் அதிகம்.

ஒன்பது மணிக்குள் போட்டோ இன்ஸ்டாவில் ஏறிவிடும். அடுத்த பத்து நிமிஷத்தில் முதல் கமெண்ட்: "செம ஷாட். லொகேஷன் ப்ளீஸ் ப்ரோ?"

பள்ளிக்கரணையைப் பொறுத்தவரை தாராளமாகச் சொல்லலாம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது, ஊருக்கே தெரியும். ஆனால் எல்லா போட்டோவுக்கும் இதே பதிலைச் சொல்ல முடியுமா? கூட்டில் இருக்கும் ஆந்தைக்கு? தேவாங்குக்கு? பொழுதுபோக்காக காட்டுயிர் படம் எடுப்பவர்கள் பலரும் யோசிக்காமல் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

லாக்டவுனில் சிக்கிய பாம்பு

முதலில் நல்ல செய்தி. அமெச்சூர் போட்டோகிராபர்களின் போஸ்ட்டுகள் வெறும் லைக்குக்கு மட்டும் இல்லை.

2020 லாக்டவுன். அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழக மாணவர் விரேந்தர் பரத்வாஜ், இமாச்சலப் பிரதேசத்தின் சம்பா மாவட்டத்தில் உள்ள சொந்த ஊரில் மாட்டிக்கொள்கிறார். வேறு வேலை இல்லாததால் வீட்டைச் சுற்றியிருக்கும் பூச்சி, ஊர்வனவற்றைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார். அதில் ஒரு குக்ரி பாம்பு. பின்பற்கள் நேபாளத்து குக்ரி கத்தி மாதிரி வளைந்திருப்பதால் இந்த வகைக்கு அந்தப் பெயர்.

அந்தப் படம் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இருந்த ஊர்வன ஆய்வாளர் ஜீஷான் மிர்ஸாவின் கண்ணில் படுகிறது. தெரிந்த எந்த இனத்தோடும் அது சரியாக ஒத்துப்போகவில்லை. லாக்டவுனில் ஆய்வகங்கள் மூடிக் கிடந்ததால் வேலை இழுத்தது. கடைசியில் 2021 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அறிவியலுக்குப் புதிய இனம்! சுரா பள்ளத்தாக்கின் பெயரிலேயே 'ஓலிகோடான் சுராஹென்சிஸ்' என்று பெயர். இன்ஸ்டாவில் படம் போட்ட மாணவரும் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டோ மட்டும் வைத்துப் புதிய இனம் என்று அறிவித்துவிட முடியாது. பாம்பின் உடல், செதில் எண்ணிக்கை, மரபணு எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் "இங்கே ஏதோ இருக்கு, வந்து பாருங்க" என்று கதவைத் தட்டியது அந்த போட்டோதான்.

பறவைகள் விஷயத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் இ-பேர்டு தளத்தில் ஏற்றிய 3 கோடி பதிவுகள். அவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் இல்லை. உங்களையும் என்னையும் மாதிரி வீக்-எண்டு பார்ட்டிகள்.

46 வருஷம் ஓடிய 'பிளாக்'

படம் எடுப்பது, கூடவே நாலு வரி எழுதுவது, அதை வாசகருக்கு அனுப்புவது. இதை இன்டர்நெட் வருவதற்கு முன்பே செய்தவர் சென்னையைச் சேர்ந்த மா.கிருஷ்ணன் (1912-1996). எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார். அவர் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று செல்லப் பெயர். கியர் பற்றி இரவு முழுக்க சண்டை போடும் நம் வாட்ஸ்அப் குரூப்புகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர் படங்களுக்கு மதிப்பு கூட்டியது உடன் வந்த எழுத்து. அந்த விலங்கு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, எந்தப் பருவம், என்ன மரம். இன்று 'நேச்சர் லவ்' என்று ஒரு ஹேஷ்டேக் போட்டு முடித்துவிடுகிறோம். 15 நொடி ரீல் இரண்டு நாளில் காணாமல் போய்விடும். தேதி, மாவட்டம், பார்த்த நடத்தை என மூன்றே வரி எழுதி பிளாக்கில் போட்டால் பத்து வருஷம் கழித்தும் யாராவது தேடி எடுப்பார்கள். என் ஓட்டு பிளாக்குக்குத்தான், பழைய ஆள் என்று சிரித்தாலும் பரவாயில்லை.

சரி, லொகேஷன் சொன்னால் என்ன தப்பு?

சீனாவில் நடந்த ஒரு கதை. 'கோனியுரோசாரஸ் லூயி' என்ற அழகான பல்லி இனத்தை 1999-ல் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். எங்கே கிடைத்தது என்ற விவரமும் கட்டுரையில் இருந்தது. செல்லப்பிராணி வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். சில வருஷங்களில், அந்த இனம் முதலில் கண்டறியப்பட்ட இடத்திலேயே அது இல்லாமல் போனது. ஆய்வுக் கட்டுரைக்கே இந்த நிலைமை என்றால், யார் வேண்டுமானாலும் பார்க்கும் இன்ஸ்டா போஸ்ட்டுக்கு?

திருடர்கள் மட்டும் பிரச்சினை இல்லை. நல்லவர்கள் கூட்டமாக வந்தாலும் பிரச்சினைதான். சென்னைக்குப் பக்கத்தில் பழைய கல்குவாரி ஒன்றில் கொம்பன் ஆந்தைகள் குஞ்சு பொரிக்கின்றன (இடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை). ஒருவர் போய் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தால் ஆந்தைக்கு ஒன்றுமில்லை. அதே இடத்துக்கு ஞாயிறுதோறும் நாற்பது பேர் வந்தால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்து பறந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் முட்டைக்கு வெயில். குஞ்சுக்குக் காக்கா.

"நான் லொகேஷனே போடலையே" என்பீர்கள். போடாமலும் கசியும். போன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் படத்தின் எக்ஸிஃப் தகவலுக்குள் ஜிபிஎஸ் எண்கள் உட்கார்ந்திருக்கும். கேமராவை போன் ஆப்புடன் இணைத்தாலும் பல மாடல்களில் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் இந்தத் தகவல் நீங்கிவிடும். ஆனால் குவாலிட்டி குறையக்கூடாது என்று 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புகிறோமே, அப்போது அப்படியே போகும். பின்னணியில் தெரியும் கோயில் கோபுரம், டவர், பாறையின் வடிவம் ஆகியவையும் ஊர்க்காரர்களுக்குப் போதுமான அடையாளங்கள்.

பதிவே செய்யாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தைத் தளமே மறைத்துவிடும். சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் பொதுமக்களுக்குக் காட்டும். மற்ற இனங்களுக்கும் நாமே 'மறை' என்று தேர்வு செய்யலாம். இ-பேர்டிலும் ஆபத்தில் உள்ள இனங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அவற்றின் துல்லியமான இடம் வெளியே தெரியாது. அறிவியலுக்குத் தகவல் போய்ச் சேர்கிறது, கூட்டம் சேர்வதில்லை. இன்ஸ்டாவில் இந்த வசதி எதுவும் கிடையாது. அங்கே நாம்தான் ஃபில்டர்.

கூட்டைத் தொட்டால் 'வேட்டை'

இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி, கண்ணி மட்டும் இல்லை. காட்டுப் பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. க்ளீன் பேக்ரவுண்ட் வேண்டும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்கிறாரே ஒருவர், அவர் சட்டத்தின் கண்ணில் எங்கே நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தை மீறினால் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 திருத்தத்துக்கு முன் இந்த அபராதம் ரூ.25,000 ஆக இருந்தது. முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ தண்டனை இன்னும் கடுமை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தனிக் குற்றம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆதாரத்தை நாமே அப்லோடு செய்கிறோம். யானையைச் சீண்டியவர்களின் வைரல் வீடியோவை வைத்தே வனத்துறை அபராதம் போட்ட சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன.

ஒரு ஷாட்டுக்காக எவ்வளவு தூரம் போவது?

2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிராவின் உம்ரெட்-கர்ஹண்ட்லா சரணாலயத்தில் ஒரு பெண் புலியும் ஐந்து குட்டிகளும் நடந்து வருகின்றன. இரு பக்கமும் சஃபாரி ஜீப்புகள் வழியை அடைத்து நிற்கின்றன. எல்லோர் கையிலும் கேமரா, போன். வீடியோ வைரலானதும் ஓட்டுநர்கள், வழிகாட்டிகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விலங்குகளிடமிருந்து சுற்றுலா வாகனம் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று தேசியப் புலிகள் காப்பக ஆணையத்தின் விதி இருக்கிறது. வண்டி ஓட்டியவர்கள் தண்டனை வாங்கினார்கள், சரி. "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்கண்ணா" என்று பின் சீட்டிலிருந்து சொன்னவர்கள்?

விருது உலகிலும் இது உண்டு. லண்டனின் புகழ்பெற்ற 'வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர்' போட்டியில் 2009-ல் முதல் பரிசு, வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்ப் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். படம் எடுத்தவர் அதை மறுத்தார்.

நம் ஊரில் தேவாங்கைப் பாருங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயத்தை 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்கு இரவில் நடமாடும் பிராணி. டார்ச் அடித்தால் அதன் கண் பளிச்சென்று மின்னும், அதனால் கண்டுபிடிப்பது சுலபம். மங்கலான வெளிச்சத்துக்கு ஏற்ற அந்தக் கண்ணில் வெள்ளை டார்ச்சையும் ஃபிளாஷையும் மாற்றி மாற்றி அடித்தால் அது இரை தேட முடியாமல் உறைந்து நிற்கும். படத்தில் 'அழகாக போஸ் கொடுக்குது' என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது ப்ளேபேக். போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவைப்பது. ஆறுமணிக்குருவியைப் படம் பிடிக்க இதைத்தான் பலர் செய்கிறார்கள். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டது என்று நம்பி அது பதறிக்கொண்டு ஓடிவரும். அதுவும் பல நூறு கிலோமீட்டர் பறந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த பறவை. ஒருவர் ஒருமுறை செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். இடம் பகிரப்பட்ட தோட்டத்தில் தினமும் பத்து பேர் செய்தால்?

'லொகேஷன் ப்ளீஸ்' என்று கேட்பவருக்கு நான் பார்த்த பல நல்ல போட்டோகிராபர்கள் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்டின் படத்தைப் போடுவதே இல்லை. மற்ற படங்களையும் குஞ்சுகள் பறந்து போன பிறகு, சில வாரம் தள்ளித்தான் போடுகிறார்கள். யாராவது ரொம்ப வற்புறுத்தினால் "வாங்க, அடுத்த ஞாயிறு பள்ளிக்கரணை போகலாம்" என்று கூட்டிப்போகிறார்கள். ஆறுமணிக்குருவி வேண்டும் என்பவர்களுக்கு அக்டோபர் வரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். அதன் பெயரே சொல்கிறதே, காலையும் மாலையும் அந்த நேரத்தில் அது தானாகவே கூப்பிடும்.