ஒரே கல்யாணம், ரெண்டு படம்

இன்னைக்குக் கொஞ்சம் கனமான படம். தற்கொலை முயற்சி, குழந்தை இழப்பு ரெண்டும் பேச்சுல வரும். இப்போ கேட்கிற மனநிலை இல்லைன்னா இன்னொரு நாள் வாங்க.

படம் பேரு ‘தி டிஸப்பியரன்ஸ் ஆஃப் எலனார் ரிக்பி’. நெட் பென்சன் இயக்கின முதல் முழுநீளப் படம். ஜெசிகா சாஸ்டெய்ன் எலனார், ஜேம்ஸ் மெக்காவாய் அவளோட கணவன் கானர். நியூயார்க்ல சின்ன ரெஸ்டாரன்ட் நடத்துறவன்.

கதைன்னு பார்த்தா ரொம்பச் சின்னது. இவங்களோட கைக்குழந்தை இறந்துபோகுது. அந்த மரணத்தைப் படம் காட்டாது. எலனார் ஒரு பாலத்துல இருந்து குதிக்கிறா, பிழைச்சுக்கிறா, ஆனா கணவன்கிட்ட திரும்பாம அம்மா அப்பா வீட்டுக்குப் போயிடுறா. கானர் தேடி அலையுறான். அவ்வளவுதான்.

சுவாரசியம் எங்கன்னா, பென்சன் முதல்ல கானர் பக்கத்தை மட்டும்தான் எழுதியிருந்தார். படிச்ச சாஸ்டெய்ன், இந்தப் பொண்ணு யாரு, அவளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டிருக்காங்க. அந்தக் கேள்வியிலிருந்து ரெண்டாவது திரைக்கதை வந்துச்சு. 2013ல டொராண்டோ விழாவுல ‘ஹிம்’, ‘ஹெர்’னு ரெண்டு படமா திரையிட்டாங்க. 2014ல கான் விழாவுக்கு ரெண்டையும் கலந்து, சுமார் ரெண்டு மணி நேரத்துல ‘தெம்’னு ஒரு வெர்ஷன் போச்சு.

நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு பிராஞ்ச், ஒரு மெர்ஜ். இவங்க சந்திக்கிற காட்சிகள் ‘ஹிம்’லயும் இருக்கு, ‘ஹெர்’லயும் இருக்கு. ஆனா அச்சு அசலா ஒண்ணு இல்ல. வசனம் கொஞ்சம் மாறும், உடை மாறும், யார் இளகுறாங்க, யார் விறைப்பா இருக்காங்கன்றதும் மாறும். பொய் சொல்றது யாரும் இல்ல. அவங்கவங்களுக்கு ஞாபகம் இருக்கிறது அப்படி. ‘தெம்’ல இந்த கான்ஃப்ளிக்டை எல்லாம் தீர்த்து ஒரே கதையா ஆக்கிட்டாங்க. என்னைக் கேட்டா, படத்தோட உயிரே அந்தத் தீராத கான்ஃப்ளிக்ட்லதான் இருந்துச்சு.

இதுக்கு உளவியல்ல ஒரு நல்ல விளக்கம் இருக்கு. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட்னு நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் 1999ல ஒரு மாடல் வெளியிட்டாங்க. துக்கத்துல இருக்கிறவங்க ரெண்டு பக்கமும் ஊசலாடுவாங்களாம். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, நினைவு, ஏக்கம். இன்னொரு பக்கம் மிச்ச வாழ்க்கை: வேலை, வாடகை, சமையல். ஊசலாடுறதுதான் இயல்பு, ஒரே பக்கம் சிக்கிக்கிட்டா சிரமம்.

இப்போ ஒரே வீட்டுல ரெண்டு பேர், ஆளுக்கொரு நேரத்துல ஊசலாடுறாங்கன்னு வைங்க. அவ அழுது ஓய்ஞ்சிருக்கிற நேரத்துல அவன் ரெஸ்டாரன்ட் கணக்கு பார்ப்பான். ‘இவனுக்கு வலிக்கவே இல்லையா?’ன்னு அவளுக்குத் தோணும். ‘என்னை ஏன் வெளியே தள்ளுறா?’ன்னு அவனுக்குத் தோணும். கானர் கடையைப் பிடிச்சுத் தொங்குறதையும், எலனார் திரும்பக் கல்லூரி வகுப்புல போய் உட்கார்றதையும் இப்படிப் பார்த்தா, ரெண்டு பேர் மேலயும் கோபம் வராது. அந்த வகுப்புப் பேராசிரியரா வயோலா டேவிஸ். கொஞ்ச நேரம்தான் வர்றாங்க, ஆனா வர்ற காட்சியெல்லாம் அவங்களோடதுதான்.

சரி, குழந்தையை இழந்த தம்பதிகள் பெரும்பாலும் பிரிஞ்சுடுவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. 90 சதவீதம்னுகூட அமெரிக்காவுல ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. அங்கே, குழந்தைகளை இழந்த பெற்றோருக்கான ‘தி கம்பேஷனேட் ஃப்ரெண்ட்ஸ்’ அமைப்பு 2006ல எடுத்த சர்வேயில விவாகரத்து ஆனவங்க சுமார் 16 சதவீதம்தான். சர்வேக்குப் பதில் சொன்னவங்க கணக்குதான் இது, எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்ல முடியாது. ஆனாலும் அந்த 90 எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு பாருங்க. துக்கத்துல இருக்கிற வீட்டுல போய் யாரும் இந்த நம்பரை உளறிடாதீங்க.

கடைசியா, எந்த வரிசையில பார்க்கிறது? ‘தெம்’ இப்போதைக்கு வேண்டாம். முதல்ல ‘ஹிம்’. அவ ஏன் போனான்னு புரியாம கானரோட சேர்ந்து நீங்களும் தவிக்கணும். மறுநாள் ‘ஹெர்’ போடுங்க. ரெண்டும் சேர்த்தா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஒரே ராத்திரியில உட்காராதீங்க.