ஒரே கார், இரண்டு எழுத்து!

ரஷ்ய லாடா கார்களின் படங்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. என் கம்ப்யூட்டரில் 'வாஸ்' என்று ரஷ்ய எழுத்தில் தேடினால் பாதி ஃபைல்கள்தான் வருகின்றன. மற்றவை அழிந்துவிடவில்லை. பெயரைப் பாருங்கள், புரியும்.

ரஷ்ய மொழியில் 'வ' ஒலிக்குரிய எழுத்து ஆங்கில 'பி' போலவே இருக்கும். கடைசி எழுத்தோ 3 என்ற எண்ணைப் போன்றது. அதனால் சிலர் ஆங்கில கீபோர்டிலேயே பி, ஏ, 3 என டைப் செய்து சேமித்துவிடுகிறார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் யுனிகோடில் ஆங்கில 'பி'யின் எண் 0042. ரஷ்ய எழுத்தின் எண் 0412. கம்ப்யூட்டர் பார்ப்பது எண்ணைத்தான்.

பெயர்களும் சோதிக்கும். ஃபியட் 124-ஐ அடிப்படையாகக் கொண்டு 1970-ல் டோலியாட்டியில் தயாரான 2101, உள்நாட்டில் ஜிகுலி, ஏற்றுமதியில் லாடா. 1977-ல் வந்த நிவா, 2021 முதல் நிவா லெஜெண்ட். எனவே மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்: 2101, 2121.

இதே எழுத்து ஏமாற்று வேலை போலி வங்கித் தளங்களிலும் நடக்கிறது. மெயிலில் வரும் லிங்க்கைக் கிளிக் செய்யாமல் வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.