'ஃப்ரீலான்ஸ்': ஓர் ஈட்டியின் கதை



"என்ன வேலை செய்கிறாய்?" என்று நம் பங்கு இளைஞர்களைக் கேட்டால், "ஃப்ரீலான்ஸ், ஃபாதர்" என்று பலர் சொல்கிறார்கள். திருமணப் புகைப்படம் எடுப்பவர், மொழிபெயர்ப்பவர் எனப் பலவகை. 'ஃப்ரீ' என்றால் இலவசம் என்றெண்ணி ஊதியத்தில் பேரம் பேசுபவர்களும் நம்மிடையே உண்டு!

'லான்ஸ்' என்பது குதிரைவீரனின் நீண்ட ஈட்டி. அக்கால ஐரோப்பாவில் வீரன் தன் பிரபுவுக்குச் சத்தியம் செய்து கட்டுப்பட்டிருந்தான். அப்படி யாருக்கும் கட்டுப்படாமல், பணம் தருபவருக்காகப் போரிட்டவனே 'ஃப்ரீ லான்ஸ்'. ஆனால் இச்சொல்லைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 1819 டிசம்பரில் வெளிவந்த அவருடைய 'ஐவன்ஹோ'வில், டி பிரேசி என்ற கூலிப்படைத் தலைவன் தன் ஆட்களை இப்பெயரால் அழைக்கிறான். அரசர் ரிச்சர்டு அவர்களை ஏற்க மறுத்துவிடவே, ஃபிளாண்டர்சுக்குக் கப்பலேறத் திட்டமிடுகிறான். சில பத்தாண்டுகளில் இச்சொல் எக்கட்சியையும் சாராத அரசியல்வாதிகளுக்கும், பிறகு பத்திரிகையாளர்களுக்கும் வழங்கலாயிற்று. ஆங்கிலத்தில் இது மதிப்பான தொழிற்பெயர் ஆகிவிட்டது. நம் 'கூலிப்படை'யோ இன்றும் காவல்துறைச் செய்தியில்தான் வருகிறது.

கதையில் வருபவர்களைப் போன்றவர்கள் வரலாற்றிலும் இருந்தார்கள். 1360இல் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்தபோது, வேலையிழந்த வீரர்கள் கூட்டங்கூட்டமாக இத்தாலிக்குப் போனார்கள். அவர்களுள் ஒருவர் ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயர். தங்களைத் தாக்காமலிருக்க 1375இல் ஃபிளாரன்ஸ் நகரத்தார் அவருக்கு 1,30,000 பொற்காசுகள் தர ஒப்புக்கொண்டார்கள். போரிடவும் கூலி, போரிடாதிருக்கவும் கூலி!

திருச்சபையும் இவர்களை அமர்த்தியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1377இல் செசேனா நகரில், திருத்தந்தையின் பிரதிநிதியான கர்தினால் ஜெனீவா இராபர்ட்டின் கீழிருந்த கூலிப்படைகள் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்று குவித்தன. அவற்றில் ஹாக்வுட்டின் ஆட்களும் இருந்தார்கள். மறு ஆண்டே அந்தக் கர்தினால் எதிர்-திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட் ஆனார்.

இதே ஹாக்வுட்டுக்குச் சியன்னா நகர்ப் புனித கத்தரீன் ஒரு கடிதம் எழுதினார். அலகையின் ஊதியத்தை விட்டு இயேசுவின் பணிக்கு வரும்படி அழைத்தார். ஆனால் ஆயுதத்தையே கீழே போடச் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களோடு போரிடுவதை விட்டுச் சிலுவைப்போருக்குச் செல்லும்படியே கேட்டார். ஹாக்வுட் போகவில்லை. பிற்காலத்தில் ஃபிளாரன்சின் படைத்தலைவராகி, 1394இல் அங்கேயே இறந்தார். ஒருகாலத்தில் அவருக்கு அஞ்சிப் பணம் கொடுத்த அந்நகரத்தார், 1436இல் தங்கள் பேராலயச் சுவரில் குதிரைமேல் அமர்ந்த அவருடைய உருவத்தை ஓவியர் உச்செல்லோவைக் கொண்டு வரைவித்தார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது.