பிளஸ் டூ லீவில் வெளிநாடு: பாஸ்போர்ட்டில் ரூ.500 மிச்சம் பிடிக்கலாமா?

கையில காசு கம்மி, ஆனா வெளிநாடு போகணுமா? செம்மண்டலத்துக்குக் கிட்ட இருக்கிறது இலங்கைதான். சிதம்பரம் வழியா பஸ்ஸில் நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், சுமார் 4 மணி நேரம். வானிலை மோசமானால் ரத்தாகும், அதனால ரெண்டு நாள் கூடுதலா வச்சுக்கணும். யாழ்ப்பாணத்தில் தமிழ்லயே பேரம் பேசலாம் என்பது தனி லாபம்!

பாஸ்போர்ட்டில்தான் பலர் கோட்டை விடுறாங்க. 18 வயசு ஆகாதவங்களுக்குக் கட்டணம் ரூ.1,000. ஆனா அது 5 வருஷம் அல்லது 18 வயசு, எது முன்னாடி வருதோ அதுவரைதான் செல்லும். 17 வயசுக்காரருக்கு ஒரு வருஷம்கூட மிஞ்சாது. இலங்கையோ 6 மாச செல்லுபடி கேட்கும். 15 வயசு தாண்டியவங்க ரூ.1,500 கட்டி 10 வருஷ பாஸ்போர்ட்டே வாங்கலாம். இலங்கைக்கு இ.டி.ஏ. பயண அனுமதியும் வேணும்.

பாஸ்போர்ட் லேட்டாகுதா? நேபாளம் இருக்கு. 15 முதல் 18 வயசு வரை, குறிப்பிட்ட படிவத்தில் பள்ளித் தலைமை ஆசிரியர் தரும் அடையாளச் சான்றிதழ் போதும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பிடாதீங்க.