பாறைப் பிளவுகளும் கிணற்றுக்கு இடம் தேர்தலும்

தருமபுரி ஜில்லாவின் பெரும்பாகம் சார்னோகைட், நைஸ் முதலிய கடினப் பாறைகளின்மேல் அமைந்துள்ளது. இப்பாறைகளின் உடலில் ஜலம் தங்குவதில்லை. மேலே மக்கிக் கிடக்கும் பாகத்திலும், அதன்கீழ்ப் பாறை உடைந்து பிளந்த இடங்களிலுமே ஊற்று உண்டு. ஒரு குழாய்க் கிணறு நன்கு சுரக்க, அதற்கு நூறு அடி தள்ளித் துளைத்த மற்றொன்று கற்புழுதியை மட்டும் கக்குவது இதனாலேயாம். உள்ளங்கைத் தேங்காயும் வேப்பங்குச்சியும் காட்டிய இடத்தில் துளைத்துக் கடன்பட்ட குடியானவர்கள் சிலரல்லர்.

பிளவுகள் தாறுமாறாக இருப்பவையல்ல. பூர்வ காலத்தில் பூமியின் மேலோடு அசைந்து முறிந்தபொழுது, ஒரே திசை பற்றி நெடுந்தூரம் ஓடும் வரிசைகளாக அவை அமைந்தன. காவேரி ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூரை நோக்கித் தெற்கே திரும்பிச் செல்வது இத்தகைய முறிவின் வழியே என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் கருத்து. மண் மூடியிருத்தலால் தரையில் நிற்பவருக்கு இவ்வரிசைகள் எளிதில் புலப்படா. உயரத்திலிருந்து நோக்கின், நேராக ஓடும் ஓடைகளும், ஒரே வரியில் நிற்கும் மரங்களும், கோடையிலும் பசுமை மாறாத பட்டைகளும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். இந்தியா 1988-ஆம் ஆண்டில் அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1ஏ முதலிய செயற்கைக்கோள்களின் படங்கள் இவ்வகையில் நிலத்தடி நீரைத் தேடப் பயன்பட்டன.

எனினும் படத்தில் கண்ட கோடெல்லாம் ஊற்றுக் கோடு அன்று. வண்டிப்பாதையும் நீண்ட வேலியும்கூடக் கோடாகவே தோன்றும். மேலும், அச்செயற்கைக்கோளின் நுட்பமான படத்திலும் ஒரு புள்ளி ஏறக்குறைய 36 மீட்டர் சதுர நிலத்தைக் குறித்தது. பின்வந்த படங்கள் இதனினும் மிக நுட்பமானவையே. ஆயினும் பூமிக்குள் இருப்பதை அவை நேரே காட்டமாட்டா.

இதில் பெரிதும் ஏமாற்றுவது டோலரைட் என்னும் கருநிறப் பாறைச் சுவர். பழைய பிளவில் உருகிய குழம்பு ஏறி உறைந்ததே இச்சுவர். உடையாத சுவர் ஜலத்தைக் கடத்தாது, அணைபோல் தடுக்கும். ஆகவே, சுவரின்மேல் துளைப்பது வீண். ஜலம் வந்து தேங்கும் மேட்டுப்புறத்தில் துளைப்பது பலன் தரலாம். டோலரைட் காந்தக் குணம் மிகுந்ததாகையால், காந்தமானியைக் கொண்டு கோட்டைக் குறுக்கே கடந்தால் பெரும்பாலும் உண்மை விளங்கும்.

அடுத்தது மின்தடைச் சோதனை. நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்வரியில் சம தூரத்தில் அடித்து, வெளி இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் இரண்டின் இடையே மின்னழுத்தத்தை அளப்பர். கெட்டிப் பாறை மின்சாரத்தை மிகவும் தடுக்கும். ஈரமுள்ள உடைந்த பாறை அவ்வளவு தடுக்காது. முளைகளை அகல வைக்க வைக்க, ஆழத்தின் நிலை தெரியவரும். களிமண்ணும் உப்பு நீரும்கூடக் குறைந்த தடையே காட்டுமாதலால் ஒரே அளவை நம்பலாகாது. முள்கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய் இவற்றினருகே சோதிப்பதும் தவறு.

பிளவு சாய்ந்திருப்பின், மேலே தெரியும் கோட்டின்மீதே செங்குத்தாகத் துளைக்கும் கருவி சில அடிகளிலேயே பிளவை விட்டு விலகிவிடும். சாயும் பக்கம் தள்ளித் துளைத்தால் ஆழத்தில் அதைச் சந்திக்கும். கிடைத்த ஜலத்தைக் குடிக்கவும் கொள்வதாயின் ப்ளூரைடு சோதனை அவசியம். இந்த ஜில்லாவின் பல ஊர்களில் அது மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டதற்கும் அதுவே முக்கிய காரணம்.

சோதனைக்கு வருவோரிடம் கிராம அதிகாரிகள் கொடுக்கவேண்டியது, கிணறுகள் யாவும் புல எண்ணுடன் குறிக்கப்பட்ட கிராமப் படம். அதில் ஜலம் காணாது மூடப்பட்ட குழிகளும் அவற்றின் ஆழமும் விடுபடலாகாது.