சிறார் விளையாட்டும் திறந்த வெளியும்

பழைய மாணவர் இருவர் நெடுநாட்களின் பின் சந்திப்பாராயின், அவர் வாயில் முதலில் எழுவது பாடநூற் பேச்சன்று. மைதானத்து ஓரத்து வேப்பமரமும், மாரியிற் சேறான ஒழுங்கையும், நுங்குக் கோம்பையாற் செய்து உருட்டிய வண்டிலும், விண் கூவிய பட்டமுமே முன்வந்து நிற்கும். கற்ற கணக்கை மறந்தாரும் ஏறி விழுந்த மரத்தை மறந்திலர். இதனை வெறும் இளமை நினைவென்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், மறவாது நின்றதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும் அன்றோ? அக்காரணத்தை ஆராய்ந்து, திறந்த வெளியில் இயற்கைப் பொருள்களோடு விளையாடுவதாற் சிறார் பெறும் நலன்கள் இவையென விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு விளையாட்டு என்றது யாது என்பதை முதற்கண் வரையறுத்துக்கொள்வோம். நடுவரின் ஊதுகுழலுக்குக் கட்டுப்பட்டு நிகழும் கிரிக்கெற், உதைபந்தாட்டம் முதலியவற்றின் சிறப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. நமது கல்லூரியின் புகழில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் நாம் கருதுவது வேறு. மண், மணல், நீர், காற்று, மரம், கல், சிற்றுயிர் என்பவற்றோடு, பிள்ளைகள் தாமே விதி வகுத்துக்கொண்டு ஆடும் ஆட்டமே அது. அணியிற் பதினொருவருக்கே இடமுண்டு. மரநிழலில் எல்லோர்க்கும் இடமுண்டு.

நம் முன்னோர் இதன் அருமையை அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் விளையாட்டைப் பொருளாகக் கொண்டவை. ஆண்பாற்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பனவும், பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் பெரும்பாலும் அமையும். அவற்றுட் பல, முற்றத்திலும் நீர்த்துறையிலும் மரக்கிளையிலும் நிகழ்வன. பெண்மக்களுக்கும் நீராடலும் ஊசலும் வகுத்தமை கவனிக்கத்தக்கது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறார்க்குப் பாடியபோது கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடுபொருளாக்கினார். மேலைத்தேயத்திலும், ஜேர்மனியிற் பிரடரிக் புரோபல் என்னும் கல்வியாளர் 1837இல் இளஞ்சிறார்க்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். அங்கே பிள்ளைகள் மெய்யாகவே பாத்தி கட்டிப் பயிர் செய்தனர். இன்று அப்பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது; தோட்டந்தான் பல இடங்களில் மறைந்துவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலரின் இன்றைய நாள் எவ்வாறு கழிகிறது? விடியுமுன் ஒரு தனியார் வகுப்பு, பின்னர்ப் பாடசாலை, மாலையில் மீண்டும் வகுப்பு, இரவிற் பயிற்சி வினாக்கள். இடையிற் கிடைக்கும் சிறுபொழுதைக் கைப்பேசி கவர்ந்துகொள்கிறது. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. போர்க்காலத்தில் எறிகணைக்கும் கண்ணிவெடிக்கும் அஞ்சிப் பிள்ளைகளை வீட்டினுள் வைத்தோம். 2020இலும் 2021இலும் கொள்ளைநோய்க்கு அஞ்சி வைத்தோம். அவ்வச்சங்கள் நியாயமானவை. அச்சம் நீங்கிய இடங்களிலும் கதவு திறவாதிருப்பதே வருந்தத்தக்கது.

ஆசிரியப் பணியில் நாம் கண்ட ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன், கரும்பலகையைப் பார்த்து எழுதாது, அயலவன் கொப்பியைப் பார்த்தே எழுதிவந்தான். சோம்பலென எண்ணி நாம் அவனைப் பலமுறை கடிந்தோம். ஒருநாள் பாடம் முடியும்வரை எழுந்து நிற்கவும் வைத்தோம். பின்னர்க் கண்ணைப் பரிசோதித்தபோதுதான், தொலைவிலுள்ள எழுத்து அவனுக்குத் தெரிவதில்லை என்பது வெளிப்பட்டது. கண்ணாடி அணிந்து வந்த அன்று, சாளரத்துக்கு அப்பாலுள்ள மரத்தைக் காட்டி, "சேர், இலையெல்லாம் தனித்தனியாய்த் தெரியுது" என்றான். அச்சொல் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. அவனுக்குக் குறும்பார்வை வந்ததற்கு இன்னதே காரணமென்று துணிந்து கூற நாம் வைத்தியரல்லேம். ஆயினும், அன்று தொடங்கி இப்பொருள்பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தோம்.

குறும்பார்வை பெரும்பாலும் கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மேல் நீள்வதால் வருவது. அவ்வாறு நீண்ட கண்ணில், தொலைப்பொருளின் விம்பம் விழித்திரையில் விழாது அதற்கு முன்னே விழும். மிகுதியாக வாசிப்பதே இதற்குக் காரணமெனப் பலர் கருதுவர். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சிங்கப்பூரிலும் அவுஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழ்ந்த, ஆறு ஏழு வயதுச் சீன இனத்துப் பிள்ளைகளை ஒப்புநோக்கியது. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் குறும்பார்வை இருந்தது. சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. பெற்றோரின் குறும்பார்வையோ இரு நகரிலும் ஏறத்தாழ ஒரே அளவினது. வாரந்தோறும் படித்த நூல்களை எண்ணினால், சிட்னிப் பிள்ளைகளே கூடுதலாகப் படித்தனர்! வேறுபாடு எங்கே எனின், சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியிலிருந்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே இருந்தனர்.

பின்னர்ச் சீனத்தின் குவாங்சோ நகரில் 12 பாடசாலைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். அவற்றுட் பாதியில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாடசாலை நாளிலும் 40 நிமிட வெளிப்புறப் பாடவேளை ஒன்று கூட்டப்பட்டது. மூன்றாண்டு கழிந்தபின், வழமைபோல் நடந்த பாடசாலைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்கும், வெளியில் விடப்பட்ட பாடசாலைகளில் நூற்றுக்கு 30.4 பேருக்கும் குறும்பார்வை தோன்றியிருந்தது. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று.

இதற்குக் காரணம் ஒளியே என்பர் அறிஞர். பிரகாசமான ஒளி விழித்திரையிற் படும்போது டொபமீன் என்னும் பொருள் மிகுதியாக வெளிப்பட்டு, கண்கோளத்தின் மிகை நீட்சியைத் தடுக்கிறது எனக் கருதப்படுகிறது. வகுப்பறையிலுள்ள ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ். வெளியிலோ மரநிழலிற்கூட அது சில ஆயிரம் லக்ஸ் ஆகும். ஆகவே பிள்ளை வெயிலிற் காயவேண்டியதில்லை, வேப்பநிழலும் பயன்தரும். வந்த குறும்பார்வையை இது போக்காது. வருமுன் காப்பதிலேயே இதன் பயன் பெரிது. படிப்புக்காக விளையாட்டை நிறுத்திய பிள்ளைக்குப் படிக்குங் கண்ணே பழுதாகுமாயின், அவ்வாணிபத்தில் ஊதியம் எங்கே?

இனி உடம்புக்கு வருவோம். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் விதந்துரைத்தது. சமதரையில் ஓடுவதற்கும் மேடுபள்ளத்தில் ஓடுவதற்கும் வேறுபாடுண்டு. நோர்வே நாட்டில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவின்படி, அருகிலுள்ள காட்டில் நாடோறும் விளையாடிய பிள்ளைகள், வழமையான விளையாட்டிடத்தில் ஆடியவர்களைவிட, உடற் சமநிலையிலும் அங்கங்களை இயைபுற இயக்குவதிலும் முன்னேறினர். வேரும் கல்லும் சரிவும் ஒவ்வோர் அடியிலும் காலுக்குப் பாடஞ் சொல்கின்றன போலும்.

மண்ணளைந்தால் நோய் வருமெனத் தாய்மார் அஞ்சுவர். பின்லாந்தில் 2020இல் வெளியான ஆய்வொன்றில், 10 பகற்பராமரிப்பு நிலையங்களைச் சேர்ந்த, 3 முதல் 5 வயது வரையான 75 பிள்ளைகள் பங்குகொண்டனர். சில நிலையங்களின் வெறும் முற்றத்திற் காட்டுத்தரையையும் புற்றரையையும் பரப்பிப் பிள்ளைகளை விளையாட விட்டனர். 28 நாட்களில் அப்பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணங்கிகளின் வகை பெருகியது. குருதியில் நிர்ப்பீடனத்தை ஒழுங்குபடுத்தும் குறிகளும் மேம்பட்டன. ஆய்வு சிறியதே, எனினும் அதன் போக்கு சிந்திக்கத்தக்கது. உண்ணுமுன் கை கழுவும் வழக்கத்தையும் விடாது, மண்ணளையும் வழக்கத்தையும் விடாதிருத்தலே அறிவுடைமை.

உள்ளத்துக்கு விளையும் நலனை அளந்து காட்டுதல் அரிது. ஆயினும் கண்ணாற் காணலாம். பட்டம் கட்டும் சிறுவனைப் பாருங்கள். ஈர்க்கை வளைத்து, தாளை ஒட்டி, முச்சை கட்டி ஏற்றுகிறான். பட்டம் குத்துகிறது, முச்சையை மாற்றுகிறான். சுழல்கிறது, வாலை நீட்டுகிறான். கருதுகோள், சோதனை, திருத்தம் என்று பின்னாளில் விஞ்ஞான ஆசிரியர் எழுதிக்காட்டுவதை, அவன் வாடைக்காற்றிடம் முன்னரே கற்றுவிட்டான். கிளித்தட்டில், காலாற் கீறிய கோட்டை மிதித்தானா இல்லையா என்னும் வழக்கைத் தீர்க்க நடுவர் இல்லை. ஆட்டம் நின்றுவிடாதபடி, வாதாடியும் விட்டுக்கொடுத்தும் பிள்ளைகள் தாமே தீர்ப்புச் செய்கின்றனர். முதல் மழைக்கு வெளிவரும் தம்பளப்பூச்சியை உள்ளங்கையில் ஏந்தி அசையாதிருக்கும் குழந்தையின் கவனத்தை எந்த வகுப்பில் நாம் கண்டோம்? டென்மார்க்கிற் பூங்காக்களை வடிவமைத்த சோரென்சன் என்பார், அழகுற அமைத்த விளையாட்டிடங்களைவிடக் கட்டட வேலைத்தலங்களிற் கிடக்கும் பலகையையும் கல்லையுமே பிள்ளைகள் நாடுவதைக் கண்டார். அவர் கருத்தைத் தழுவி 1943இல் எம்ட்ரப் என்னுமிடத்தில், பிள்ளைகள் தாமே கட்டியும் கலைத்தும் ஆடும் களம் ஒன்று திறக்கப்பட்டது. கையால் மாற்றியமைக்கத்தக்க பொருளே பிள்ளைக்கு விருந்து என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க, பாம்பு உண்டு, நுளம்பு உண்டு, வெயில் கொடிது, விழுந்தாற் கை முறியும் என்பார்க்கு யாது விடை? புதரைத் துப்புரவாக்கினாற் பாம்புக்கு மறைவிடங் குறையும். டெங்கு நுளம்பு பெருகுவது நீர் தேங்கிய சிரட்டையிலும் பழைய ரயரிலும் யோகட் கோப்பையிலுமாம். அவற்றைத் தேடி அகற்றுதல் பிள்ளைகளுக்கே ஒரு பணியாகலாம். வெயில் ஏறுமுன்னும் சாய்ந்தபின்னும், இடைநேரத்தில் நிழலிலும் விளையாடலாம். தாழ்ந்த கிளையில் ஏறி இறங்கிப் பழகிய பிள்ளை தன் வலியின் அளவை அறியும். ஒருபோதும் ஏறாத பிள்ளைக்கு அவ்வளவு தெரியாது. ஆனால், கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத நிலத்திற் கால்வைத்தல் ஒருபோதும் ஆகாது. அங்கே அச்சமே அறிவு.

பரீட்சை என் செய்வது என்பார் இன்னும் உளர். பரீட்சையை விடுமாறு நாம் கூறவில்லை. குவாங்சோவிற் கூட்டியது 40 நிமிடமே. நாள் முழுவதிலும் அவ்வளவு நேரத்தை நம் பிள்ளைகளுக்கு ஒதுக்கமாட்டாத வறியரா நாம்? 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் சிறுவரின் உரிமையென வகுத்துள்ளது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஆதலின் இதனைப் பிள்ளைக்கு நாம் காட்டும் சலுகையாகக் கருதுதல் பொருந்தாது.

விழாக்காலத்திற் பழைய மாணவர் மனமுவந்து அளிக்கும் பொருள் பெரும்பாலும் கட்டடமாக எழுவது வழக்கம். கட்டடம் வேண்டியதே. அதனோடு மூன்று வேண்டுகோள்களை இம்மலர் வாயிலாக முன்வைக்கின்றோம். கல்லூரி வளவின் ஒரு மூலையையேனும் சீமெந்து இடாது, மணலும் மரக்குற்றியும் நிழலுமாகச் சிறாருக்கென விட்டுவைத்தல் ஒன்று. ஆரம்பப் பிரிவில் நாடோறும் ஒரு பாடவேளையை மரநிழலுக்கு மாற்றுதல் மற்றொன்று. வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் எவ்வகுப்புக்கும் கொடாது பிள்ளையிடமே ஒப்படைத்தல் மூன்றாவது. முதலாவது பழைய மாணவர் கையிலும், இரண்டாவது ஆசிரியர் கையிலும், மூன்றாவது பெற்றோர் கையிலும் உள்ளது. மாணவர்களே, நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுண்டு: கிடைத்த அந்த மாலையிற் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இன்று கடைசி வாங்கில் இருந்து கரும்பலகையைக் கண்சுருக்கிப் பார்க்கும் சிறுவனுக்கு நாம் பட்டுள்ள கடன் இது. ஐம்பதாண்டு கழிந்து, இக்கல்லூரியின் இன்றைய மாணவர் இருவர் முதுமையிற் சந்திக்கும்போது, அவர் பேச்சில் வந்து நிற்பதற்கு ஒரு மரமேனும் இருத்தல் வேண்டும். அம்மரத்தை விட்டுச்செல்லும் பொறுப்பு நம்முடையதே.