ஒரு லக்ஸ் வெளிச்சம் போதும்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைத்தான் படிக்கச் சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில் அதில் இரண்டு மூன்று வரி படித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் தடுமாறும் குழந்தையின் குறையை அந்தப் பலகை எப்படிச் சொல்லும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக விஞ்ஞானி ஜீன் பென்னட், அந்தக் குறைக்கு மருந்து கைக்கு எட்டிய பிறகும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது இந்தக் கேள்வியோடுதான்.

விழித்திரைக்குள் நல்ல மரபணுவை அனுப்பிக் பார்வையிழப்பைத் தடுக்க முடியுமா என்று 1980களின் நடுவில் அவரிடம் கேட்டவர், கணவரும் விழித்திரை அறுவை நிபுணருமான ஆல்பர்ட் மக்வயர். பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமான மரபணுக்களே அன்று பிடிபட்டிருக்கவில்லை. எதை அனுப்புவது?

1997இல் ஒரு பதில் கிடைத்தது: ஆர்பிஇ65. பிறவியிலேயே பார்வையைக் கெடுக்கும் லெபர் நோயின் ஒரு வகைக்கு இந்த மரபணுவின் பழுதே காரணம். வெளிச்சம் பட்டதும் விழித்திரைச் செல்லில் உள்ள வைட்டமின் ஏ மூலக்கூறு உருமாறுகிறது. அதை மீண்டும் பழைய வடிவத்துக்குத் திருப்புவது இந்த மரபணு தரும் நொதி. அது இல்லாவிட்டால் செல்கள் இருந்தும் பயனில்லை. வருடங்கள் போகப்போக அவையும் மடியும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் வழக்கமாக உள்ள நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரியார்ட் என்ற பிரெஞ்சு ஆட்டுநாய் இனத்தில் இதே பழுது இயற்கையாகவே உண்டு. தீங்கற்ற ஏஏவி வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தியதும் அந்த நாய்களுக்குப் பார்வை வந்தது. 2001இல் வெளியான அந்த முடிவால் பெயர் பெற்ற லான்சலாட் என்ற நாயை அமெரிக்க நாடாளுமன்றம் வரை கூட்டிப் போனார்கள். ஆனால் மனிதர்களை நெருங்க மேலும் ஆறு வருடம். காரணம் உண்டு: 1999இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த வேறொரு மரபணு சிகிச்சைச் சோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். துறையே உறைந்தது.

2007இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் மனிதர்களுக்கான சோதனை தொடங்கியது. பலன் தெரிந்தது, அதை மருந்துக்கு அனுமதி தரும் அதிகாரிகளிடம் நிரூபிப்பது எப்படி? பென்னட்டின் குழு ஓர் அறையில் நடைபாதை அமைத்தது. தரையில் அம்புக்குறிகள், குறுக்கே தடைகள், முடிவில் ஒரு கதவு. முதலில் ஒரு கண்ணைக் கட்டி, பிறகு மறு கண்ணைக் கட்டி, கடைசியாக இரண்டு கண்ணாலும் நடக்க வேண்டும். பாதையை மனப்பாடம் செய்துவிடாதபடி 12 அமைப்புகள். வெளிச்சம் 400 லக்ஸிலிருந்து 1 லக்ஸ் வரை. ஒரு லக்ஸ் என்றால் ஏறக்குறைய இருட்டுதான். சிகிச்சை பெற்றவர் யார் என்று தெரியாதவர்கள் வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். சிகிச்சைக்கு ஒரு வருடம் கழித்து, அதைப் பெற்ற 20 பேரில் 13 பேர் 1 லக்ஸிலேயே தேறினார்கள். பெறாதவர்களில் ஒருவரும் இல்லை. மருந்தைக் கண்டுபிடித்ததற்குச் சற்றும் குறையாத சாதனை இந்த நடைபாதை என்பேன்.

2017 டிசம்பரில் இந்தச் சிகிச்சை 'லக்ஸ்டர்னா' என்ற பெயரில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் பரம்பரை நோய் ஒன்றுக்காக அனுமதிக்கப்பட்ட முதல் மரபணு சிகிச்சை அது. அறிமுகமானபோது அதன் விலை, கண் ஒன்றுக்கு 4,25,000 டாலர். பென்னட்டும் மக்வயரும் காப்புரிமை வருமானத்தை முன்பே துறந்திருந்தார்கள். அதனால் விலை குறைந்துவிடவில்லை.

மருந்துக்கும் எல்லை உண்டு. மடிந்த செல் திரும்பாது. இதேபோன்ற சிகிச்சையைச் சோதித்த வேறு குழுக்கள், சிலருக்குக் கிடைத்த பலன் சில வருடங்களில் தேய்வதை 2015இல் எழுதின. பரம்பரை விழித்திரை நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்கள் 250க்கும் மேல். லக்ஸ்டர்னா அதில் ஒன்றுக்கு மட்டும். மற்றவற்றில் பல மிக அரிதானவை, பெரிய மருந்து நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காதவை. அப்படிப்பட்ட நோய்களுக்காகவே 2021இல் பென்னட் வேறு சிலரோடு சேர்ந்து ஓபஸ் ஜெனெடிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் முயற்சி, லெபர் நோயின் இன்னொரு வகைக்குக் காரணமான எல்சிஏ5 மரபணு. மனிதச் சோதனை 2023இல் தொடங்கியது.